ஹெரால்டும் டீசல் இன்ஜினும்

எங்கள் திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரலில். மறு ஆண்டே சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் தயாராகத் தொடங்கியது. இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ஃப் பெயரில் வந்த அதே கார். வடிவமைத்தவர் மிக்கலோட்டி என்ற இத்தாலியர். 948 சிசி பெட்ரோல் இன்ஜின். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் சாயும். வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள்!

இங்கே தெரிந்த குடும்பம் ஒன்றில் 1965-ஆம் வருஷத்து ஹெரால்டு இருக்கிறது. தயாரிப்பு நின்று, உதிரிபாகம் கிடைக்காமல் போனபோது டீசல் இன்ஜின் மாட்டினார்கள். அம்பாசிடர், ஃபியட் காரர்களும் அப்படி மாற்றிக்கொண்டிருந்த காலம். "நல்ல காரியம், மலை ஏறினால் போதும்" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு அது தப்பில்லை. இல்லாவிட்டால் முழுக் காரும் காயலான் கடைக்குப் போயிருக்கும். ஆனால் பழைய இன்ஜினை ஷெட்டில் ஒரு மூலையில் போட்டு வைக்கவாவது சொல்லியிருக்கலாம். அது எடைக்குப் போய்விட்டது.

2021-இல் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்குத் தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டி, சேஸிஸ், பாடி, இன்ஜின் மாறாமல் இருக்கிற வண்டிக்கு 'விஏ' எழுத்துள்ள நம்பர் பிளேட். கட்டணம் 20,000 ரூபாய். அந்த வீட்டுப் பேரன் ஆசையோடு ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வந்தான். அதில் டீசல் என்றிருக்கிறது. "சார், எப்படியும் ஒரிஜினல் இல்லையே, அலாய் வீல், ஏசி எல்லாம் போட்டுடலாமா?" என்கிறான். கழற்றக்கூடியதைப் போட்டுக்கொள், சேஸிஸை மட்டும் வெட்டாதே என்றேன்.

இப்போது புதுப்பேட்டைக் கடைகளில் பழைய 948 இன்ஜின் தேடுகிறான். எங்காவது இருந்தால் சொல்லுங்கள்.