காக்கிச் சட்டையின் கதை

விழா மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டதும் எனக்கு நினைவு வந்தது நம் என்.சி.சி.தான். 1964 முதல் 1967 வரை இங்கே பி.எஸ்ஸி. படித்தவன் நான். ‘கட்டாய என்.சி.சி.’ காலத்து ஆள்!

இதன் வேர் முதல் உலகப் போரில் இருக்கிறது. படைக்கு ஆள் போதாமல் 1917-ல் பல்கலைக்கழகப் படை தொடங்கப்பட்டது. 1920-ல் அது யு.டி.சி. ஆயிற்று, 1942-ல் யு.ஓ.டி.சி. எனப் பெயர் மாறியது. இரண்டாம் உலகப் போரில் அதனால் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. ஆகவே 1946-ல் பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் பரிந்துரைப்படி 1948-ல் சட்டம் வந்து, ஜூலை 15-ல் என்.சி.சி. பிறந்தது. 1949-ல் மாணவியர் பிரிவு, 1950-ல் விமானப் பிரிவு, 1952-ல் கடற்படைப் பிரிவு என்று வளர்ந்தது.

விரும்பியவர் சேரலாம், சேர்ந்தவர் ராணுவத்துக்குப் போயே தீர வேண்டும் என்பதில்லை. இதுதான் அந்தச் சட்டத்தின் உயிர்நாடி.

1962 சீனப் போர் இதை மாற்றியது. 1963-ல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயமாயிற்று. அதே ஆண்டில்தான் நம் பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியும் தொடங்கியது. நோக்கம் நல்லதுதான். ஆனால் எங்கள் அணியில் பாதிப் பேர் வந்தது வருகைப் பதிவுக்காக. “என்னத்துக்குடா இந்த லெஃப்ட் ரைட்?” என்ற முணுமுணுப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். சிலர் பூட்ஸ் கடிக்கிறது என்று சொல்லி மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். விருப்பத்தோடு வந்தவன் பாடுதான் திண்டாட்டம். சுடும் பயிற்சியில் அவன் முறை வருவதற்குள் பொழுது போய்விடும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’ என்று கட்டளைகள் இந்தியில். 1965 ஜனவரியில் மாணவர்கள் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். அதே மாணவர்கள் மைதானத்தில் இந்திக் கட்டளைக்குக் கால் தட்டவேண்டும் என்றால் எப்படி? 1968 ஜனவரி 23 அன்று அண்ணா ஆட்சியில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியபோது, என்.சி.சி.யின் இந்திக் கட்டளைகளை நீக்குவதும் அதில் இடம்பெற்றது.

அதே 1968-ல் நாடு முழுவதும் கட்டாயம் நீங்கியது. 1969-ல் காந்தி நூற்றாண்டையொட்டி என்.எஸ்.எஸ். வந்து, சேவையில் நாட்டமுள்ளவர்களுக்கு வேறு வழியும் திறந்தது.

கட்டாயம் போனதும் என்.சி.சி. படுத்துவிடும் என்று அன்று பலர் சொன்னார்கள். படுக்கவில்லை. 1948-ல் 20,000 பேருடன் தொடங்கியது, இன்று 15 லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. ‘சி’ சான்றிதழ் பெற்றவர் சிறப்பு நுழைவு வழியில் எழுத்துத் தேர்வின்றி நேரே எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்குப் போகலாம்.

இன்றைய மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. எங்களுக்கு இல்லாத உரிமை உங்களுக்கு இருக்கிறது: வேண்டாம் என்று சொல்லும் உரிமை. அதனால்தான் நீங்கள் ‘சேர்கிறேன்’ என்று சொல்வதற்கு மதிப்பு அதிகம். சேர்ந்தால் முழு மனதோடு சேருங்கள்!