சுருக்கம் என்னும் ஒரு சொல்



'சுருக்கம்' என்பது நாம் அன்றாடம் வழங்கும் சொல். துணியிலும் முதியோர் முகத்திலும் விழுவது சுருக்கம். நீண்ட கதையைக் குறுக்கிக் கூறுவதும் சுருக்கமே. நூலுக்குரிய பத்து அழகுகளுள் சுருங்கச் சொல்லுதலை முதலாவதாக வைக்கிறது நன்னூல்.

பொருள்கள் பல சூட்டில் விரியும்; குளிரில் சுருங்கும். இழுத்து நீட்டிய ரப்பரோ சூடுபட்டால் சுருங்கும். ரப்பர் நாடாவில் ஓர் எடையைத் தொங்கவிட்டு வெந்நீரை ஊற்றிப் பாருங்கள். எடை சற்றே மேலேறும். இவ்வியல்பைப் பற்றி 1805-ஆம் ஆண்டிலேயே எழுதியவர் ஜான் கஃப் என்னும் ஆங்கிலேயர். அவர் கண்பார்வை அற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இதே சொல் நம் தோட்ட வரலாற்றிலும் உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் ரப்பர் விலை வீழ்ந்தது. 1922-ஆம் ஆண்டில் ஸ்டீவன்சன் திட்டம் வந்தது. மலாயாவும் இலங்கையும் ஏற்றுமதியைச் சுருக்கின. தொடக்கத்தில் வரையறுத்த அளவில் 60 விழுக்காடே அனுமதிக்கப்பட்டது. விலை ஏறியது. ஆயினும் டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியா இத்திட்டத்தில் சேரவில்லை. அங்கே சிறுதோட்டக்காரர்கள் மேலும் மேலும் ரப்பர் நட்டனர். 1928-இல் திட்டம் கைவிடப்பட்டது.

அடுத்து வந்தது உலகப் பொருளாதார மந்தம். வாணிபம் சுருங்கியது, அதோடு கூலியும் சுருங்கியது. பல தோட்டங்களில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்த நாட்கூலி, 1930-இல் முறையே 40 காசாகவும் 32 காசாகவும் குறைந்தது. பின்னர் அதற்கும் கீழே இறங்கியது. வேலையற்றுப் போன இந்தியத் தொழிலாளர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். காடு திருத்திக் கன்று நட்ட கைகளுக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு பிடி மண்ணும் சொந்தமில்லை.

1934-இல் பல நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்து, உற்பத்தியை மறுபடியும் கட்டுப்படுத்தின. விலை மெல்ல நிமிர்ந்தது. விலை நிமிர்ந்த அதே வேகத்தில் கூலி நிமிரவில்லை. அதற்காகத் தொழிலாளர்கள் போராட வேண்டியிருந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் நடந்த வேலைநிறுத்தம் அதற்குச் சான்று.

நேயர்களே, கணக்கேட்டில் 'சுருக்கம்' என்பது ஒற்றைச் சொல். விலை சுருங்கியதா, விளைச்சல் சுருங்கியதா, வேலை நாள் சுருங்கியதா, அடுப்பில் ஏறும் உலையரிசி சுருங்கியதா என்று அது தானாகக் கூறாது. நாம்தான் கேட்டறிய வேண்டும். நம் பிள்ளைகளுக்கும் அவ்வாறு கேட்கக் கற்றுக் கொடுப்போம்.