வேகம் மட்டுமே அளவுகோலா?

பொழுதுபோக்குப் பூங்காக்களின் வரலாறு பெரும்பாலும் உயரம், வேகம் ஆகியவற்றின் சாதனைப் பட்டியலாகவே எழுதப்படுகிறது. ரோலர் கோஸ்டர் ஆர்வலர்களின் மதிப்பீடோ வேறு. இருக்கையிலிருந்து உடல் ஒரு கணம் மேலெழும் உணர்வையும், மரச்சட்டங்களின் அதிர்வையும் அவர்கள் தனித்து மதிக்கின்றனர்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அல்டூனா நகரின் லேக்மாண்ட் பூங்காவில் 1902-இல் அமைக்கப்பட்டது 'லீப் த டிப்ஸ்' என்னும் மரக் கோஸ்டர். உயரம் 41 அடி. வேகம் மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர். தண்டவாளத்தை அடியிலிருந்து பற்றும் சக்கரங்கள் அதற்கு இல்லை. பக்கவாட்டுத் தடுப்புகளே பெட்டியைப் பாதையில் நிறுத்துகின்றன.

1920-களில் செழித்த மரக் கோஸ்டர்களுள் பெரும்பாலானவை பொருளாதாரப் பெருமந்தத்துக்குப் பின் அழிந்தன. 1978-இல் தோன்றிய அமெரிக்கக் கோஸ்டர் ஆர்வலர்கள் சங்கம், எஞ்சியவற்றைக் காப்பதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. 1985-இல் இயக்கம் நின்ற லீப் த டிப்ஸ், 1996-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, சீரமைப்புக்குப் பின் 1999-இல் மீண்டும் ஓடியது.

நியூ ஜெர்சியில் 2005-இல் 456 அடி உயரத்துடனும் 206 கிலோமீட்டர் வேகத்துடனும் உலகச் சாதனை படைத்த 'கிங்டா கா', 2025 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

எது பாரம்பரியம் என்பதை வல்லுநர்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஏறி அமர்ந்தவர்களின் ரசனைக்கும் அதில் பங்குண்டு.