அடுப்பும் காடும்: மாத்தளையின் விறகு வரலாறு

திருவிளையாடற் புராணத்திலே ‘விறகு விற்ற படலம்’ என்றொரு பகுதி உண்டு. பாணபத்திரரின் பொருட்டுச் சோமசுந்தரக் கடவுளே விறகுக் கட்டைத் தலையிற் சுமந்து மதுரைத் தெருக்களில் விற்றார் என்பது கதை. இறைவன் சுமந்த விறகைப் புராணம் பாடிற்று. மாத்தளை மலைச் சரிவுகளில் நாள்தோறும் விறகு சுமந்த பெண்களைப் பற்றி வரலாற்று நூல்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. காலையிற் புகை மணக்கும் சட்டையோடு வகுப்பறைக்கு வரும் பிள்ளைகளைக் காணும் ஆசிரியராகிய நாம், அம்மௌனத்தைக் கலைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

எவ்விறகு சிக்கனமானது? இவ்வினாவிற்கு அறிவியல் தரும் விடை எளிது. நன்கு உலர்ந்த மரங்கள் யாவும், எவ்வினத்தனவாயினும், நிறைக்கு நிறை ஏறத்தாழ ஒரே அளவு வெப்பத்தையே தருகின்றன. வேறுபாடு அடர்த்தியிலும் ஈரத்திலுமே உள்ளது. பச்சை மரத்தின் நிறையில் ஏறத்தாழப் பாதி நீராகவே இருக்கலாம். அந்நீரை ஆவியாக்குவதற்கே நெருப்பின் பெரும் பகுதி செலவாகின்றது. பிளந்து, மழைபடாமற் சில மாதங்கள் அடுக்கி வைத்தால், ஈரம் ஐந்திலொரு பங்களவிற்குக் குறையும். ஆகவே நிறுத்து வாங்குவோர் உலர்ந்ததையும், கட்டாக வாங்குவோர் அடர்ந்ததையும் தெரிதல் வேண்டும். தம்புள்ளைப் பக்கத்து வரண்ட காட்டின் பாலை மரம் நின்று எரியும். முருங்கை கணத்திற் சாம்பலாகும். இவையெல்லாம் எம் பாட்டிமார் அறிந்தவையே. ஆயினும் தெரிவு செய்வதற்கு முதலில் மரம் வேண்டும். உலர்த்துவதற்கு இடமும் காலமும் வேண்டும். இவை எவரிடம் இருந்தன என்பதே வரலாற்று வினா.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடுகளும் தரிசுகளும், மறுதலையாக நிறுவப்படும் வரை, முடிக்கே உரியன என்று விதித்தது. கண்டிச் சீமைக் கிராமத்தவன் விறகெடுத்த காடும், மாடு மேய்த்த வெளியும், சேனை வெட்டிய சரிவும், பத்திரம் இல்லாத காரணத்தால் ஒரே நாளில் அந்நியனின் உடைமையாயின. 1844 வரை ஏக்கர் ஒன்று ஐந்து சிலினுக்குக் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. காடு வீழ்ந்தது, எரிக்கப்பட்டது. 1848இல் மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்குப் புதிய வரிகளே உடனடிக் காரணமாயின. எனினும் பறிபோன நிலத்தின் குமுறலும் அதன் அடியில் இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். காடோ கிராமத்திற்கு மீளவில்லை.

வீழ்ந்த காட்டின் இடத்தில் உழைக்கத் தமிழகத்திலிருந்து வந்தோர், மன்னார்க் கரையிலிறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தனர். கோப்பிக் காலத்தில் அவர்களுட் பெரும்பாலோர் பருவத்திற்கு வந்து மீளும் ஆடவர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. பின்வந்த தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கைகள் தேவைப்பட்டன; பெண்களின் கைகள் சிறப்பாகத் தேவைப்பட்டன. குடும்பங்கள் லயத்திற் குடியேறின. அன்று மூட்டிய அடுப்பு பின்னர் அணையவேயில்லை.

ஆனால் அவ்வடுப்பிற்கென ஒரு மரமேனும் அவர்களுக்கு உரிமையாக இருந்ததா? நிழல் மரமும் காற்றுத்தடுப்பு மரமும் தோட்டத்துச் சொத்து. கவ்வாத்து வெட்டும் காலத்திற் கிடைக்கும் மிலாறே தொழிலாளி வீட்டின் விறகு. கொழுந்துக் கூடையை இறக்கிய தலையே மாலையில் மிலாறுக் கட்டைச் சுமந்தது. கூடைக்குக் கூலி உண்டு; கட்டிற்கு இல்லை. கவ்வாத்தோ ஒரு மலையிற் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. இடைக்காலத்தில் ஈரச் சுள்ளிதான் கதி. மறுபுறத்தில், தேயிலையை உலர்த்தத் தொழிற்சாலைச் சூளையும் விறகையே கேட்டது. ஒரே மலையின் மரத்திற்காக இலாபமும் உலையும் போட்டியிட்டன. யார் வென்றனர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. உடையவர் மாறினர், விறகுச் சுமை மாறவில்லை. 1980களில் உருவான இரட்டை வாய் ‘அனகி’ மண் அடுப்பு, மூன்று கல் அடுப்பிலும் குறைந்த விறகில் சமைக்க உதவிற்று. 2005இல் கிளிரிசிடியா நாட்டின் நான்காம் பெருந்தோட்டப் பயிராக அறிவிக்கப்பட்டது. வேலிக்கு வேலியாய், எருவாய், வெட்ட வெட்டத் துளிர்க்கும் விறகாய்ப் பயன்படும் இம்மரம் ஏழையின் சிக்கனத்திற்கு ஏற்றது. ஆனால் வேலி நடுவதற்கும் சொந்தக் காணி வேண்டுமன்றோ?

2022 ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டரின் விலை 4,860 ரூபாவாக உயர்ந்தபோது, நகரத்தவரும் விறகைத் தேடினர். நாடு முழுவதும் அதனை நெருக்கடி என்றது. லயத்துப் பெண்ணுக்கோ அது அன்றாடம். ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட அன்றாடம்.

மாணவ நண்பர்களே, விறகை உலர்த்தி எரியுங்கள், அடுப்பைத் திருத்துங்கள், புகை வெளியேற வழி செய்யுங்கள். இவை நன்றே. ஆயினும் சிக்கனம் என்பது இல்லாதவனுக்கு மட்டும் உபதேசிக்கப்படும் அறமாகி விடலாகாது. எம்மரம் நன்றாக எரியும் என்று கேட்கும் வேளையில், அம்மரம் யாருடையது, அது நிற்கும் மண் யாருடையது என்றும் கேட்போம். மாத்தளையின் வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே.