தமிழ் நூல்களில் பச்சிளங்குழவிக்குரிய பொருள்கள்

நோக்கமும் எல்லையும்

குழந்தையைப் பாடுவதில் தமிழ் பிற மொழிகளுக்குப் பின்னிட்டதன்று. பிள்ளைத்தமிழ் எனத் தனியே ஒரு நூல்வகையைக் கண்டு, பல நூற்றாண்டுகளாக அதனை வளர்த்து வந்த மொழி இது. ஆயினும், பிறந்த குழவியை வளர்த்தற்கு இன்றியமையாத பொருள்கள் யாவை, அவை நம் முன்னோர் இல்லங்களில் எவ்வாறு இருந்தன என்று வினவின், அவ்வினாவுக்கு நம் நூல்கள் தரும் விடை எதிர்பார்க்கும் அளவுக்கு நிறைந்ததாக இல்லை. இக்குறைவு எதனால் நேர்ந்தது என்பதையும், அதனை ஈடுசெய்யும் சான்றுகள் எங்குக் கிடைக்கின்றன என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டுப் பச்சிளங்குழவி என்பது பிறந்த நாள் முதல் மூன்றாம் திங்கள் வரையுள்ள பிள்ளையைக் குறிக்கும். அதற்கு வேண்டுவன நான்கு வகைப்படும்: கிடத்தற்கு உரியன, ஊட்டுதற்கு உரியன, நீராட்டித் தூய்மை செய்தற்கு உரியன, காப்புக்கு உரியன. இந்நான்கனுள் இறுதியிற் கூறிய காப்பே நூல்களில் மிக்கு விளங்குகின்றது. முதல் மூன்றும் அருகியே வருகின்றன.

இதற்குரிய காரணங்களுள் ஒன்று இலக்கண மரபிலேயே அமைந்துள்ளது. தொல்காப்பியப் புறத்திணையியல் குழவிப் பருவத்தையும் பாடுபொருளாகக் கொள்ளலாம் என இடந்தந்தது. பின்வந்த பாட்டியல் நூல்கள் அதற்குப் பருவங்களை வகுத்தன. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என விரியும் அப்பருவங்கள் பொதுவாக மூன்றாம் திங்களிலிருந்தே எண்ணப்படுகின்றன. எனவே, தாய்க்கும் சேய்க்கும் இடர் மிக்க முதல் திங்கள்கள் பிள்ளைத்தமிழின் எல்லைக்குப் புறத்தே நின்றுவிட்டன. தால், நீராடல் முதலிய சொற்கள் அந்நூல்களில் வரினும், அவை சில திங்களோ சில ஆண்டோ நிரம்பிய பிள்ளையை நோக்கியவை என்பதை மறத்தலாகாது.

சங்க நூல்களும் மணிமேகலையும்

சங்கச் செய்யுட்களில் குழந்தையின் அணிகலன்கள் பலவிடத்தும் கூறப்படுகின்றன. குறுந்தொகை 161-ஆம் பாட்டில் புலிப்பல் தாலி அணிந்த புதல்வனைத் தாய் தழுவிக்கொள்ளுகின்றாள். அகநானூற்றின் 7-ஆம் பாட்டு, புலிப்பல் கோத்த தாலியைப் பெண்மகவின் கழுத்திற் காட்டுகின்றது. அந்நூலின் 54-ஆம் பாட்டிலோ பொன்னாலாகிய தாலி பேசப்படுகின்றது. இத்தாலி மணவினைக்குரிய தாலி அன்று. பிள்ளையைத் தீங்கினின்றும் காக்க அணிவிக்கும் காப்பணியாகும். குறிஞ்சி நிலத்தில் புலிப்பல்லும் செல்வர் மனையில் பொன்னும் இதற்கு உதவின எனக் கருத இடமுண்டு.

புறநானூற்றின் 77-ஆம் பாட்டு நம் ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படுவதாகும். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை இடைக்குன்றூர் கிழார் பாடியது அது. போர்க்களம் புகுந்த அரசன் எத்துணை இளையன் என்பதைப் புலவர் மூன்று குறிகளால் உணர்த்துகின்றார். அவன் காலிலிருந்த கிண்கிணி இப்போதுதான் நீங்கிற்று. கழுத்திலிருந்த தாலி இன்னும் நீங்கவில்லை. பாலை விடுத்துச் சோறுண்டதும் இன்றுதான். மிகைப்படக் கூறிய இக்கூற்றினுள் ஒரு மெய்ச்செய்தி அடங்கியுள்ளது. ஒரு பிள்ளையின் வளர்ச்சியை அக்காலத்தார் அது நீக்கிவிடும் பொருள்களைக் கொண்டே அளந்தனர் என்பதே அச்செய்தி.

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில் மழலை பேசும் சிறுவர் வருகின்றனர். அவர்தம் வாயினின்று ஒழுகும் நீர் மார்பிலுள்ள ஐம்படையை நனைக்கின்றது. சங்கு, சக்கரம், தண்டு, வாள், வில் எனத் திருமாலின் ஐந்து படைகளையும் சிறு வடிவிற் செய்து கோத்த அணியே ஐம்படைத்தாலி. புலிப்பல் நின்ற இடத்தில் தெய்வப் படைகள் வந்தமர்ந்ததை இங்குக் காண்கிறோம். பொருள் மாறினும் தாயின் அச்சம் மாறவில்லை.

பட்டினப்பாலையும் பெரும்பாணாற்றுப்படையும் கூறும் சிறுதேர், நடை பயின்ற பிள்ளைக்கு உரியது. நம் எல்லைக்கு அப்பாற்பட்டது. இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், சங்க நூல்களில் நிலைத்த பொருள்கள் பொன்னும் பல்லும் மணியும் ஆகிய உறுதியான பொருள்களே என்பது புலனாகும். துணியும் நீரும் பாலும் அவ்வாறு நிலைபெறவில்லை. தொல்பொருள் அகழ்விலும் இதே நிலைதான். சிந்துவெளி நகரங்களில் சுடுமண்ணாலாகிய கிலுகிலுப்பைகள் கிடைத்துள்ளன. அவற்றை ஆட்டிய கை எத்தகைய துணியிற் குழவியைக் கிடத்திற்று என்பதை மண் நமக்குக் காட்டவில்லை.

பெரியாழ்வார் தரும் சான்று

மேற்கூறிய குறையை ஓரளவேனும் நிறைவு செய்பவர் பெரியாழ்வார். ஒன்பதாம் நூற்றாண்டினர் எனப் பெரும்பாலோர் கொள்ளும் இவ்வாழ்வார், தம் திருமொழியைக் கண்ணன் பிறந்த நாளிலிருந்தே தொடங்குகின்றார். பிற்காலப் பிள்ளைத்தமிழ் தொடாத நாள்களை இவர் தொட்டமை தமிழர் வாழ்வியல் வரலாற்றுக்குப் பெரும் பேறாகும்.

முதல் திருமொழியில் ஆயர் மனையில் நிகழும் செயல்கள் வரிசையாக வருகின்றன. எண்ணெயும் சுண்ணமும் எங்கும் தூவப்பெறுகின்றன. குழவியின் கையையும் காலையும் நீட்டி நிமிர்த்து, கடாரத்து நீரால் மெல்ல ஆட்டி, இளமஞ்சளால் நாவை வழிக்கின்றனர். பன்னிரண்டாம் நாள் விழா எடுக்கின்றனர். நாவழிக்கும் வேளையில் பிள்ளை வாயைத் திறக்க, தாய் அங்கே ஏழுலகையும் காண்கின்றாள். இறைமையின் வெளிப்பாட்டைக் காட்ட ஆழ்வார் தேர்ந்துகொண்ட இடம் அரியணையோ வேள்விச் சாலையோ அன்று. ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் நிகழும் குழவி நீராட்டே. இதனால், கடாரமும் மஞ்சளும் நீராட்டுக்குரிய பொருள்களாக அக்காலத்து நின்றமை ஐயமின்றி விளங்குகின்றது.

மூன்றாம் திருமொழியாகிய தாலாட்டு இன்னும் சிறந்த சான்று. அதனைக் குழவிக்குரிய பொருள்களின் பட்டியல் என்றே கூறலாம். தேவர்கள் ஒவ்வொருவராகக் கையுறை விடுக்கின்றனர். பிரமன் மணியும் வயிரமும் பதித்த பொற்றொட்டிலை அனுப்புகின்றான். சிவன் அரையிற் கட்டும் வடத்தையும், இந்திரன் கிண்கிணியையும், குபேரன் ஐம்படையையும் ஆரத்தையும், வருணன் முத்துவடத்தையும் விடுக்கின்றனர். திருமகள் துழாய் மாலையையும், நிலமகள் கச்சும் சிறு சுரிகையும் தருகின்றனர். இறுதியாகக் கொற்றவை உடலிற் பூசும் நறும்பொடியையும் மஞ்சளையும் கண்ணுக்கு மையையும் கொண்டு நிற்கின்றாள்.

கையுறை கூறும் பாசுரங்கள் ஒன்பது. அவற்றுள் நாள்தோறும் பயன்படும் பொருள் வருவன முதற்பாசுரமும் ஒன்பதாம் பாசுரமுமே. முன்னதில் தொட்டில், பின்னதில் நீராட்டுக்கும் ஒப்பனைக்கும் உரிய பொடி, மஞ்சள், மை. இடைப்பட்ட ஏழும் அணிகலன்களும் காப்பும் மாலையுமாகவே அமைகின்றன. உறவினர் கொணரும் பரிசுகளில் இன்றியமையாதன சிலவாகவும் அழகு செய்வன பலவாகவும் இருக்கும் உலகியலை ஆழ்வார் தேவருலகின்மேல் ஏற்றிக் கூறினார் போலும்.

இரு தொட்டில்கள்

இவ்விடத்து ஒரு நுண்மை நோக்கத்தக்கது. மூன்றாம் திருமொழியில் தொட்டில் பொன்னாலாயது. ஆனால் முதல் திருமொழியில், பிள்ளையைக் கிடத்தினால் தொட்டில் கிழியும்படி உதைக்கின்றான் என்று தாய் முறையிடுகின்றாள். பொற்றொட்டில் கிழியாது. 'கிழிதல்' என்னும் சொல் துணிக்கே சிறப்பாக உரியது ஆதலின், இத்தொட்டில் துணித்தொட்டிலே எனத் தோன்றுகின்றது. விறகு கிழித்தல் என மரத்திற்கும் அச்சொல் வழங்குதலால் மரத்தொட்டில் என்று கொள்ளலாமே எனின், அதுவும் ஒருவாறு பொருந்தும். எனவே இதனை முடிந்த முடிபாகக் கூறுதல் இயலாது. எனினும், தாலாட்டில் வருவது வாழ்த்துத் தொட்டில் என்றும், முறையீட்டில் வருவது வாழ்க்கைத் தொட்டில் என்றும் வேறுபடுத்தி உணர்தல் தகும். தமிழ்த் தாலாட்டுகளில் வரும் மணித்தொட்டில்கள் பலவற்றையும் இவ்வேறுபாடு கொண்டே படித்தல் வேண்டும். பாடுபவளின் கையில் இருந்தது பெரும்பாலும் பழம்புடைவை ஒன்றே.

அத்துணித்தொட்டில் பேச்சு வழக்கில் தூளி என்றும் ஏணை என்றும் பெயர் பெறும். ஏணை என்பது ஈழத்திலும் தமிழகத்தின் சில பகுதிகளிலும் வழங்கும் சொல். துவைத்துத் துவைத்து மென்மையுற்ற தாயின் புடைவையை விட்டத்திலோ மரக்கிளையிலோ முடிந்து தொங்கவிடுவதே அதன் அமைப்பு. வேலைக்குச் செல்லும் தாய் அதனைத் தோளிற் சுருட்டிக்கொண்டு போய் வயலோரத்து மரத்திற் கட்டலாம். குழவியின்கீழ் விரிக்கும் துணிக்கு அணையாடை என்னும் அழகிய பெயர் உண்டு. திருவண்ணாமலையில் பிள்ளைப்பேறு வேண்டிப் பெற்றவர்கள் கரும்புகளிடையே துணியைக் கட்டி அதிற் குழந்தையைக் கிடத்தி மாடவீதி சுற்றும் நேர்த்திக்கடன் இன்றும் நிகழ்கின்றது. கரும்புத் தொட்டில் எனப்படும் அதுவும் துணித்தொட்டிலே என்பது கருதத்தக்கது.

தொட்டிலில் இடுதல் என்பது குடும்பம் குழவியைத் தனதாக ஏற்றுக்கொண்டமைக்கு அறிகுறியாகும். சீவக சிந்தாமணி இதனை எதிர்மறையாற் காட்டுகின்றது. சுடுகாட்டில் சீவகனை ஈன்ற விசயை, அரச மகவின் பிறப்பு இவ்வாறாயிற்றே என்று புலம்புகின்றாள். நரியின் ஊளை முழவாகவும், பிணஞ்சுடும் தீ விளக்காகவும், பேயின் ஆட்டம் கூத்தாகவும் அமைந்தன என்கின்றாள். அவள் இழந்தனவாக எண்ணுவன விழாவின் உறுப்புகள். அம்மகவுக்கு அப்பொழுதே வேண்டியிருந்த துணியும் நீரும் அப்புலம்பலில் இடம்பெறவில்லை. காப்பிய மரபு எதனைக் காணும், எதனைக் காணாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. பின்னர்க் கந்துக்கடன் எடுத்துச் சென்ற பின்னரே அம்மகவு ஓர் இல்லத்தின் பிள்ளையாகின்றது. அண்மைக் காலத்தும் தொட்டில் இப்பொருளை இழக்கவில்லை. பெண்சிசுக் கொலையைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 1992-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய திட்டத்துக்குத் தொட்டில் குழந்தைத் திட்டம் என்றே பெயர் அமைந்தது. பெற்றோர் வளர்க்க மனமில்லாத மகவை ஏற்றுக்கொள்ள ஒரு தொட்டில் காத்திருந்தது என்பதே அப்பெயரின் பொருள்.

பாலாடையும் மருந்தும்

தாய்ப்பாலே குழவியின் முதலுணவு ஆதலின், ஊட்டும் கலங்கள் நூல்களில் அருகி வருதல் இயல்பே. உறிஞ்சிக் குடிக்க வலியில்லாத மகவுக்கு உதவியவை பாலாடையும் சங்கும். ஒருபுறம் மூக்குப்போல நீண்ட, ஆழமற்ற சிறு கிண்ணமே பாலாடை. சங்கு என்னும் பெயர், வெள்ளியாலும் பித்தளையாலும் செய்வதற்கு முன் இயற்கைச் சங்கே பயன்பட்டிருக்கலாம் என எண்ணத் தூண்டுகின்றது. காய்ச்சிய பாலின்மேற் படியும் ஏட்டுக்கும் பாலாடை என்றே பெயராதலின், பழைய ஏடுகளில் இச்சொல் வருமிடத்து இடம்நோக்கிப் பொருள் கொள்ளுதல் வேண்டும்.

வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. எடை குறைந்து பிறந்த மகவுக்குக் கறந்தெடுத்த தாய்ப்பாலைப் புகட்ட இன்றைய இந்திய மருத்துவமனைகளிற் பாலாடை பயன்படுகின்றது. ஆங்கில மருத்துவ நூல்களும் அதனைப் 'பலடை' என்னும் வடிவில் இப்பெயராலேயே குறிக்கின்றன. பாட்டியின் அடுக்களையிலிருந்த கலம் உலக மருத்துவச் சொற்களில் ஒன்றாயிற்று. நம் இலக்கியச் சொல்லடைவுகளிலோ அதற்குரிய இடம் சிறிதே.

மருந்துகளுள் வசம்பு குறிப்பிடத்தக்கது. பிள்ளைவளர்ப்பான் என்றும் பேர்சொல்லா மருந்து என்றும் அதற்கு வழங்கும் பெயர்களே ஒரு வரலாறு. முதற்பெயர் நம்பிக்கையையும் இரண்டாவது அச்சத்தையும் காட்டுகின்றன. உரைகல்லில் இழைத்து நாவில் தடவும் உரைமருந்து மரபு வீடுகளில் நிலவியது. பாலவாகடம் எனப்படும் சித்த மருத்துவ நூல்கள் குழந்தை நோய்களை விரித்துரைத்தன. ஆறு திங்கள் வரை தாய்ப்பாலன்றிப் பிறிதொன்றும் வேண்டா என்பது இன்றைய மருத்துவத் துணிபு. ஆகவே இவற்றை நாம் வழக்கத்தின் வரலாறாகப் போற்றுதலன்றி, பின்பற்றுதற்குரிய விதியாகக் கூறுதல் பொருந்தாது. கண்ணுக்கு மையிடுதலும் அத்தகையதே.

முடிவுரை

2015-இல் தமிழ்நாடு அரசு, அரசு மருத்துவமனைகளிற் பிறக்கும் குழந்தைகளுக்கென 16 பொருள்கள் அடங்கிய பரிசுப் பெட்டகம் ஒன்றை வழங்கத் தொடங்கியது. துவாலை, உடுப்பு, படுக்கை, கொசுவலை, எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை முதலியவற்றோடு தாய்க்குரிய சௌபாக்கிய சுண்டி இலேகியமும் அதில் இடம்பெற்றது. ஆழ்வாரின் பட்டியலோடு இதனை ஒப்பிடின் இரண்டு உண்மைகள் புலப்படும். அங்கு மிக்கிருந்த அணியும் காப்பும் இங்கு இல்லை. தூய்மைக்குரிய பொருள்களே மிக்கு நிற்கின்றன. அங்குத் தாய்க்கென ஒன்றும் இல்லை. இங்கு அவளுக்கும் மருந்து உண்டு. ஆயினும் அப்பெட்டகத்திலும் தொட்டில் இல்லை. அதனை எவரும் கொடுக்க வேண்டியதில்லை; தாயின் புடைவை முன்பே வீட்டில் இருக்கின்றது.

எவரும் பரிசாகக் கொடாத பொருள் எப்பட்டியலிலும் ஏறுவதில்லை. பட்டியலில் ஏறாதது நூலிலும் ஏறுவதில்லை. தூளியும் அணையாடையும் பாலாடையும் இலக்கியத்தில் அருகித் தோன்றுவதற்கு அவை சிறியன என்பது காரணமன்று. எப்போதும் எங்கும் இருந்தன என்பதே காரணம். துணி நைந்து போகும். அதன் பெயர் மட்டும் மூதாட்டியர் வாயில் எஞ்சும். அப்பெயர்களும் வழக்கிழந்து வரும் இந்நாளில், ஒவ்வொரு வட்டாரத்திலும் குழவி வளர்ப்புச் சொற்களையும், அவற்றைப் பயன்படுத்திய முறையையும் கேட்டுத் தொகுத்தல் ஆய்வு மாணவர்க்குரிய கடமையாகும். அத்தொகுப்பு நிறைவுறும்போது, பிள்ளைத்தமிழ் விட்டுச்சென்ற முதல் இரு திங்கள்களின் வரலாறு நமக்குக் கிடைக்கும். ஐம்படைத்தாலியின் வரலாற்றைப் புலவர்கள் எழுதி வைத்தனர். அணையாடையின் வரலாற்றை நாம் எழுதுதல் வேண்டும்.