ராமானுஜன் பெட்டி கட்டிய கதை

ஒரகடத்தில் நான் இருக்கும் தெருவில் ஒரு தம்பி. ஜனவரியில் கொரியாவுக்கு ஆறு மாத டிரெய்னிங். "அண்ணே, என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?"னு கேட்டான். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிய நாளிலிருந்தே இந்தப் பக்கத்தில் இது வழக்கமான கேள்விதான். ஜனவரியில் அங்கே பூஜ்யத்துக்குக் கீழே. கிளம்பி வரும் மாசம் முப்பது டிகிரி, மழை வேறு. இரண்டு ஊருக்கு ஒரே பெட்டி. நான் வெளிநாடு போனவன் இல்லை, படிச்சவன் மட்டும்தான். அதனால் எனக்கு ஞாபகம் வந்தது 1914இல் கட்டப்பட்ட ஒரு பெட்டி.

கணித மேதை ராமானுஜனுடைய பெயரே நம்ம ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ஆசாரியருடைய பெயர்தான். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு வருடத்துக்கு 250 பவுன் என்று இரண்டு வருட உதவித்தொகை கொடுத்தது. கப்பல் செலவும் துணிமணிச் செலவும் தனி. துணிமணிக்குப் பணம் ஒதுக்கினார்களே, அதைக் கவனியுங்கள். ஆக, பெட்டியைப் பற்றி யாரும் யோசிக்காமல் இல்லை. காலர், டை, ஷூ எல்லாம் வாங்கியாயிற்று. கத்தி, முள்கரண்டி பிடிக்கப் பயிற்சியும் நடந்தது. குடுமி போயிற்று. அந்தக் கோலத்தைப் பார்க்க வேண்டாம் என்று அம்மாவையும் மனைவியையும் முன்கூட்டியே கும்பகோணத்துக்கு ரயிலேற்றிவிட்டார். மார்ச் 17ஆம் தேதி 'நெவாசா' கப்பல் புறப்பட்டது. ஏப்ரல் 14ஆம் தேதி லண்டன். இளவேனில் காலம், அதனால் முதலில் குளிர் பெரிதாகத் தெரியவில்லை. ஷூதான் படுத்தியது. இருபத்தாறு வருஷம் திறந்து கிடந்த கால் அல்லவா!

குளிர்காலம் நெருங்கியதும் நடந்ததை பி. சி. மகலனோபிஸ் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர், அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். "ராத்திரி குளிராமல் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார். ஓவர்கோட்டைப் போட்டு, மேலே சால்வையும் சுற்றிக்கொண்டுதான் தூங்குகிறேன், அப்படியும் குளிர்கிறது என்றார் ராமானுஜன். உள்ளே போய்ப் பார்த்தால் கட்டிலில் கம்பளிகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. ஆனால் ஓரமெல்லாம் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகப்பட்டிருக்கிறது. அதைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவே இல்லை. மேலே தளர்வாகக் கிடந்த விரிப்புக்கு அடியில் படுத்து இத்தனை நாள் நடுங்கியிருக்கிறார். மகலனோபிஸ் பிரித்துக் காட்டியதும் மனம் நெகிழ்ந்துபோனாராம்.

பாயில் படுத்துப் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிற வீட்டில் வளர்ந்தவருக்கு அது எப்படித் தெரியும்? கணிதத்தில் தெரியாததைக் கேட்கக் கூச்சப்படாதவர், இதைக் கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறார் என்றே நினைக்கிறேன். கொட்டை எடுத்த புளியும் தேங்காயெண்ணெயும் பார்சலில் அனுப்பச் சொல்லி ஊருக்கு எழுதத் தெரிந்தது. பசி நமக்குப் பழக்கமானது, அதற்கு என்ன வேண்டும் என்று தெரியும். அந்தக் குளிர் அப்படி இல்லையே.

1917இல் உடம்பு விழுந்தது. காசநோய் என்றார்கள். அந்தக் காலத்துச் சிகிச்சை, ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிர்ந்த காற்றில் கிடத்துவது. மேட்லாக் சானடோரியத்தில் குளியலறைதான் கதகதப்பாக இருந்தது, பேனாவும் காகிதமுமாக அங்கே போய் உட்காரப்போவதாக எழுதியிருக்கிறார். 1919 மார்ச்சில் நாடு திரும்பியவர் 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் சேத்துப்பட்டில் காலமானார்.

ஆனால் அது காசநோய்தானா? டி. ஏ. பி. யங் என்பவர் 1994இல் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, கல்லீரலில் வந்த அமீபா நோயாக இருக்கலாம் என்று எழுதினார். கப்பலேறுவதற்கு முன்பே ராமானுஜனுக்கு இருமுறை வயிற்றுக்கடுப்பு வந்திருந்தது. சரியாகக் குணமாகாவிட்டால் அந்தக் கிருமி வருடக்கணக்கில் உடம்புக்குள் பதுங்கிக் கிடக்கும். யங் சொன்னது சரி என்றால், பெட்டியில் வைக்காத ஒன்றும் சென்னையிலிருந்து கூடவே போயிருக்கிறது. அதற்கு அன்றே மருந்தும் இருந்தது என்பதுதான் மனதை அறுக்கிறது.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். "அண்ணே, நான் கேட்டது ஜாக்கெட் எத்தனைன்னு" என்று சிரித்தான். சரி, கனமாக ஒன்றை வாங்காமல் மெல்லிசாக மூன்று அடுக்கு வாங்கு, வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம் என்றேன். கொரிய வீடுகளில் தரையே சூடாக இருக்கும், நம்மைப் போலவே செருப்பை வாசலில் விடுவார்கள், அதனால் ஓட்டை இல்லாத சாக்ஸ் முக்கியம். கிளம்பும் முன் டாக்டரிடம் வயிற்றையும் ஒரு தடவை காட்டிவிடு.

ஹாஸ்டல் கட்டிலில் கம்பளி செருகியிருந்தால் பிரித்து உள்ளே படு என்றதற்கு மட்டும், "அது யூடியூப்ல இருக்கும்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான்.