ஆறு வயதுப் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? கொடைக்கானலும் டோக்கியோவும்

பெரியகுளம் பக்கம் போகிறவர்கள் கும்பக்கரை அருவியில் குளித்துவிட்டுத் திரும்பி விடுவார்கள். அந்த மலையடிவாரத்தில்தான் ஒரு காலத்தில் கொடைக்கானலுக்குப் போகும் பழைய பாதை தொடங்கியது. கிருஷ்ணம நாயக்கன் தோப்பு என்று அந்த இடத்துக்குப் பெயர். இன்று வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறிப் போகும் மலைச்சாலை 1914-இல்தான் போக்குவரத்துக்குத் திறந்தது. அதற்கு முன் அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளம் வந்து, தோப்பிலிருந்து குதிரையிலோ கால்நடையாகவோ மலை ஏற வேண்டும். வெள்ளைக்காரப் பெண்களையும் குழந்தைகளையும் நாற்காலியில் மூங்கில் கட்டி நம்மூர் ஆட்கள் தோளில் தூக்கிப் போனார்கள்.

அப்படித் தூக்கிச் செல்லப்பட்ட குழந்தைகளில் சிலர் மேலே படிக்கப் போனவர்கள். 1901-ஆம் ஆண்டு கொடைக்கானலில் ஹைக்ளர்க் என்ற பெயரில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அதுவரை ஓட்டலாக இருந்த கட்டடம் அது. மகனைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மார்கரெட் எட்டி என்ற அம்மையார்தான் முதல் தலைமையாசிரியை. சேர்ந்த பிள்ளைகள் பதின்மூன்று பேர். இன்று கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் என்று பெரிய பெயரோடு இருப்பது அந்தப் பள்ளிதான்.

இந்தப் பழைய கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. நம் கம்பம் பள்ளத்தாக்கில் இன்று பல வீடுகளில் ஒரு பேச்சு நடக்கிறது. மகனோ மகளோ வெளிநாட்டில் வேலை பார்க்கிறார்கள். பேரப்பிள்ளைக்கு ஐந்து வயது ஆகிறது. எந்தப் பள்ளியில் சேர்ப்பது? அமெரிக்கா, சிங்கப்பூர் என்றால் அங்கே ஆங்கிலம் இருக்கிறது என்று மனம் சமாதானமாகி விடுகிறது. ஜப்பான் என்றால் அந்தச் சமாதானம் கிடையாது. தெருவில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி, பின்னாளில் பிழைக்க இன்னொரு மொழி. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னால் இதே கேள்வியோடுதான் அந்த அமெரிக்கக் குடும்பங்கள் நம் மலையில் உட்கார்ந்திருந்தன.

கடல் கடந்து போன பிள்ளைகள்

அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது 1834-இல். காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பலரைப் பறிகொடுத்தார்கள். சிறுமலையில் தங்கிப் பார்த்தும் உடம்புக்கு ஒத்துவரவில்லை. அதன் பிறகுதான் 1845-இல் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். உயிர் பிழைக்க இடம் கிடைத்தது. பிள்ளைகளின் படிப்புக்கு வழி கிடைக்கவில்லை. ஓரளவு வளர்ந்ததும் பிள்ளையைக் கப்பல் ஏற்றிச் சொந்த நாட்டுக்கு அனுப்புவதுதான் அன்றைய வழக்கம். உறவினர் வீட்டிலோ விடுதியிலோ பிள்ளை வளரும். பெற்றோர் விடுப்பில் வரும்போது பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

இதன் வலி எப்படிப்பட்டது என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டிய டாக்டர் பால் பிராண்டைப் பலருக்குத் தெரிந்திருக்கும். 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். 1923-இல், ஒன்பது வயதில், தங்கையோடு படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-இல் தந்தை கொல்லிமலையில் காய்ச்சலில் இறந்தார். மகன் தந்தையைப் பிறகு பார்க்கவே இல்லை. இறந்த செய்தி தந்தியில் போய்விட்டது. தந்தை முன்பே எழுதிய கடிதம் அதன் பிறகு கப்பலில் போய்ச் சேர்ந்தது. அந்தக் கடிதத்தைப் பிரித்த பையனின் கைகளை நினைத்துப் பாருங்கள்.

பிராண்டு 1946-இல் வேலூருக்குத் திரும்பி வந்து பெரும்பணி செய்தார் என்பது வேறு விஷயம். ஆறு ஆண்டுகள் பறிபோனது பறிபோனதுதான்.

கொடைக்கானலில் பள்ளி வைத்தவர்கள் இந்தப் பிரிவைத்தான் தவிர்க்க நினைத்தார்கள். பிள்ளை விடுதியில்தான் இருக்கும். ஆனால் இரண்டு மூன்று நாள் பயணத்தில் போய்ப் பார்த்துவிடலாம். கோடையில் பெற்றோரும் மலைக்கு வந்துவிடுவார்கள். பாடத்திட்டம் அமெரிக்கப் பாடத்திட்டம். நாளைக்கு ஊர் திரும்பினால் அங்கே கல்லூரியில் சேர முடியும். பிள்ளையை ஊருக்கு அனுப்புவதற்குப் பதிலாக, ஊர்ப் பள்ளிக்கூடத்தை இங்கே கொண்டுவந்து விட்டார்கள் என்று சொல்லலாம்.

அங்கும் அதே கதை

ஜப்பானிலும் ஏறக்குறைய இதே நடந்தது. வெளிநாட்டு வணிகத்துக்காக யோகோஹாமா துறைமுகம் 1859-இல் திறக்கப்பட்டது. 1872-இல் பிரெஞ்சுக் கன்னியர்கள் அங்கே செயின்ட் மோர் பள்ளியைத் தொடங்கினார்கள். டோக்கியோவில் அமெரிக்கன் ஸ்கூல் 1902-இல், அதாவது கொடைக்கானல் பள்ளிக்கு ஓராண்டு கழித்து. கோபே நகரில் கனடா மிஷனரிகள் கனடியன் அகாடமியை 1913-இல் தொடங்கினார்கள். இந்தப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன.

நம்மவர்கள் கூட்டமாகப் போனது பிறகுதான். 2000-ஆம் ஆண்டை ஒட்டிக் கம்ப்யூட்டர் வேலைக்காக இந்திய இளைஞர்கள் டோக்கியோவுக்குப் போனார்கள். நிஷிகசாய் என்ற பகுதியில் குடியேறினார்கள்; அலுவலகங்கள் இருக்கும் இடத்துக்கு அங்கிருந்து நேர் ரயில் உண்டு. தனியாகப் போனவர்கள் கல்யாணம் முடித்து, பிள்ளைகள் பிறந்ததும், பழைய கேள்வி வந்துவிட்டது. 2004-இல் இந்தியா இன்டர்நேஷனல் ஸ்கூல் டோக்கியோவில் தொடங்கியது. 2006-இல் குளோபல் இந்தியன் இன்டர்நேஷனல் ஸ்கூல் வந்தது. சி.பி.எஸ்.இ. பாடம், ஏப்ரலில் வகுப்பு தொடக்கம். இந்தியக் கணக்குப் பாடத்தில் ஜப்பானியர்களுக்கு மோகம் வந்து, அவர்களும் தங்கள் பிள்ளைகளை இந்தியப் பள்ளிகளில் சேர்த்த காலமும் உண்டு.

ஆக, இன்று அங்கே நம்மவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, ஜப்பானிய அரசுப் பள்ளி. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்விச் சட்டம் பொருந்தாது. ஆனால் வட்டார அலுவலகத்தில் கேட்டால் இடம் தருவார்கள். கட்டணமும் இல்லை, பாடப் புத்தகமும் இலவசம். ஆறு வயதுப் பிள்ளை முதுகுப்பையோடு தானே நடந்து போகும். வகுப்பைப் பிள்ளைகளே கூட்டுவார்கள், மதியச் சாப்பாட்டைப் பிள்ளைகளே பரிமாறுவார்கள். சுத்த சைவக்காரருக்கு அந்தச் சாப்பாட்டில் சிரமம் உண்டு. குழம்பில் மீன்சாறு இருக்கும். எழுத்து இன்னொரு மலை. இரண்டு அகர வரிசைகள் போக, சித்திர எழுத்துகள் மட்டும் முதல் வகுப்பில் 80, ஆறு வகுப்புக்குள் 1026. நமது 247-ஐயே பிள்ளைகள் மூச்சு வாங்கிக் கற்பதைப் பார்த்தவன் நான். ஒரு சௌகரியம், வாக்கிய அமைப்பு தமிழைப் போலவே வினைச்சொல்லில் முடியும்.

இரண்டாவது, மேலைநாட்டுப் பாணி சர்வதேசப் பள்ளி. கட்டணம் பல இடங்களில் ஆண்டுக்கு 20 லட்சம் யென்னைத் தாண்டும். கம்பெனி கொடுத்தால்தான் கட்டுபடியாகும். இவற்றில் பல, சட்டப்படி வழக்கமான ஜப்பானியப் பள்ளிகளின் வரிசையில் வருவதில்லை. தனிப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். நடுவில் ஜப்பானியப் படிப்புக்கு மாற நினைத்தால் தகுதிச் சிக்கல் வரும்.

மூன்றாவது, நான் சொன்ன இந்தியப் பள்ளிகள்.

என் தங்கை வீட்டுப் பேச்சு

என் தங்கை மகன் டோக்கியோவில் இருக்கிறான். தங்கை இங்கே அனுமந்தன்பட்டியில் தனியாக இருக்கிறாள். பேத்திக்கு ஆறு வயது நெருங்கியபோது அவன் போனில் கேட்டான். "மாமா, வீட்டுக்குப் பக்கத்துலயே ஜப்பான் ஸ்கூல் இருக்கு. காசு கிடையாது. பிள்ளைக்கும் அந்தப் பாஷை வருது. அம்மாதான் வேண்டாம்னு அழுகுறாங்க. நீங்க வாத்தியாரா இருந்தவங்க, சொல்லுங்க."

நான் தங்கையிடம் பேசினேன். அவள் படிப்பைப் பற்றிப் பேசவே இல்லை. "அண்ணே, அங்கிட்டு எழுத்துப் படிச்ச பிள்ளை பத்து வருசம் கழிச்சு இங்கிட்டு வந்து எந்தக் கிளாஸ்ல உக்காரும்? பிள்ளை வராட்டி அவன் எப்புடி வருவான்?" என்றாள். ஆறாம் வகுப்பு வரை மட்டுமே படித்தவள். பள்ளிக்கூடம் என்பது திரும்பி வரும் பாதை என்பதை அவள் சரியாகப் பிடித்துவிட்டாள்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதும் அல்ல. 1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. குமுளி, வண்டன்மேடு ஏலத்தோட்டங்களுக்குப் போன நம் குடும்பங்கள், பிள்ளையை அங்கே தமிழ்ப் பள்ளியில் போடுவதா, மலையாளத்தில் போடுவதா, கீழே பாட்டி வீட்டில் விட்டுப் படிக்க வைப்பதா என்று யோசித்தார்கள். பாட்டி வீட்டில் தங்கிப் படித்த பிள்ளைகள் என் வகுப்பில் எப்போதும் நாலைந்து பேர் இருப்பார்கள். சனிக்கிழமை மலைக்குப் போகும் ஜீப்பைப் பார்த்துக்கொண்டே வெள்ளிக்கிழமைக் கடைசி மணியில் உட்கார்ந்திருப்பார்கள். மலையாளத்தில் படித்தவர்கள் அந்தப் பக்கமே வேலைக்குப் போய், அங்கேயே வீடு கட்டிக்கொண்டார்கள். யாரும் கெட்டுப்போகவில்லை. ஆனால் எந்த எழுத்தைப் படித்தார்களோ அந்தப் பக்கம் வேர் விட்டது.

தங்கை மகனிடம் நான் ஒன்றே கேட்டேன். "பிள்ளைக்குப் பதினைந்து வயசு ஆகும்போது நீங்க எந்த ஊர்ல இருப்பீங்க?" அவன் ஒரு வாரம் எடுத்துக்கொண்டான். ஐந்தாறு வருடத்தில் திரும்புவதாகத் தீர்மானித்து இந்தியப் பள்ளியில் சேர்த்தார்கள். தங்கைக்கு நிம்மதி. ஆனால் இதிலும் இழப்பு உண்டு. பிள்ளை ரயிலில் போய் வருகிறது. குடியிருக்கும் தெருவில் விளையாட அதற்குத் தோழி இல்லை. தெருப் பிள்ளைகள் எல்லாம் அந்தப் பக்கத்துப் பள்ளியில் இருக்கிறார்கள்.

நடுவில் வளர்ந்தவர்கள்

கொடைக்கானல் பிள்ளைகளுக்கும் இதே இழப்பு இருந்தது. தமிழ்நாட்டு மலையில் வளர்ந்தாலும் படித்தது அமெரிக்கா. ஊர் திரும்பினால் அமெரிக்காவும் அந்நியம். 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கர்களை ஆராய்ந்த ரூத் யூசீம், ஜான் யூசீம் என்ற சமூகவியல் தம்பதியரிடமிருந்துதான் இப்படிப்பட்டவர்களுக்கு 'மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்' என்ற பெயர் வந்தது. பெற்றோர் பண்பாடும் இல்லை, இருக்கும் நாட்டுப் பண்பாடும் இல்லை, நடுவில் ஒன்று. இன்று உலகம் முழுக்க வழங்கும் அந்தச் சொல் நம் நாட்டு மண்ணில் முளைத்தது என்பது பலருக்குத் தெரியாது.

பள்ளியும் காலத்தோடு மாறியது. 1970-களில் பெயரை மாற்றிக்கொண்டது. 1976-இல் ஐ.பி. என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தை இந்தியாவிலேயே முதலில் கொண்டுவந்தது. இந்தியப் பிள்ளைகளும் பல நாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் இடமாயிற்று. ஒரு நாட்டுக்குத் திரும்புவதற்காக வைத்த பள்ளி, எந்த நாட்டுக்கும் போகலாம் என்ற பள்ளியாக ஆனது. ஜப்பானியர்களும் வெளிநாடு போகும்போது இதையே யோசிக்கிறார்கள். டெல்லியிலும் மும்பையிலும் ஜப்பானியப் பள்ளிகள் உண்டு. வெளிநாட்டில் வளர்ந்து ஊர் திரும்பும் பிள்ளைகளைக் குறிக்க அவர்கள் மொழியில் தனிச் சொல்லே இருக்கிறது. பல பல்கலைக்கழகங்கள் அவர்களைத் தனி வழியில் சேர்த்துக்கொள்கின்றன.

நம் வயதுக்காரர்களிடம் பிள்ளைகள் யோசனை கேட்டால், எந்தப் பள்ளி பெரிய பள்ளி என்று நாம் தேடிச் சொல்ல வேண்டியதில்லை. அதை அவர்கள் நம்மைவிட நன்றாகத் தேடுவார்கள். கேட்க வேண்டியவை மூன்று. பிள்ளை தினமும் பெற்றோர் வீட்டில் தூங்குமா? பதினைந்து வயதில் எந்த ஊரில் இருக்கும்? தெருவில் பேச அதற்கு யார் இருக்கிறார்கள்? மூன்றுக்கும் நல்ல பதில் தரும் பள்ளி அமைவது அபூர்வம். எந்த ஒன்றை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுத்தால், அதை வேறு வழியில் ஈடுகட்டப் பார்க்கலாம். தங்கை மகன் ஞாயிற்றுக்கிழமை தோறும் குடியிருப்புப் பக்கத்துப் பூங்காவுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகிறான். இப்போது இரண்டு ஜப்பானியச் சிறுமிகள் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். என் பங்குக்கு வாரத்தில் இரண்டு நாள் போனில் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். சென்ற வாரம்தான் 'ங' வரிசை முடிந்தது.